சாட்சியம் எனும் அமானிதம்

 

ஆண்டுதோறும் முஹர்ரம் மாதத்தின் பத்தாம் நாளில் நாம் நோன்பு நோற்கிறோம். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்தபோது, அங்கு வாழ்ந்த யூதர்கள் அந்நாளில் நோன்பு நோற்பதைக் கண்டார்கள். காரணம் கேட்டபோது, மூஸா (அலை) அவர்களையும் பனூ இஸ்ராயீல் மக்களையும் ஃபிர்அவ்னிடமிருந்து அல்லாஹ் காப்பாற்றிய நாள் அது என்று அவர்கள் கூறினார்கள். மூஸாவின் விஷயத்தில் நமக்கே அதிக உரிமை உண்டு என்று சொல்லி, நபியவர்கள் தாமும் நோன்பு நோற்றுத் தம் தோழர்களையும் நோற்கச் செய்தார்கள். கொடுங்கோலன் ஒருவனிடமிருந்து தப்பிப் பிழைத்த ஒரு சமூகத்தின் நினைவை, அன்று முதல் இன்றுவரை நாம் நம்முடைய பசியாலும் தாகத்தாலும் சுமந்து வருகிறோம். அது வேறு யாருடைய கதையோ என்று நம்மில் எவரும் சொல்வதில்லை.

ஆஷூரா நோன்பின் சிறப்பை மதரஸாவின் மூத்த வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்தார். "ஹஜ்ரத், ஹிட்லர் யூதர்களைக் கொன்றார் என்பதே பொய் என்று எங்கள் பெரியத்தா ஒரு செய்தி அனுப்பினார். மறுநாள் அவரே, ஹிட்லர் செய்தது சரிதான் என்று இன்னொரு செய்தி அனுப்பினார். இரண்டில் எதை நம்புவது?" என்று கேட்டார். வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. காஸாவின் இடிபாடுகளையும், துணியில் சுற்றிய சின்னஞ்சிறு ஜனாஸாக்களையும் அன்றாடம் கைப்பேசியில் பார்க்கும் பிள்ளைகள் அவர்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த வேதனை நமக்குப் புரிந்தது.

வழக்கு ஒன்று வந்தால் காழி முதலில் செய்ய வேண்டியது சாட்சிகளை விசாரிப்பதே என்பதை அவர்களுக்கு நினைவூட்டினோம். அடுத்து வந்த நான்கு வியாழக்கிழமைகளில், பாடம் முடிந்த பின் ஒரு மணி நேரம், ஐரோப்பாவில் உயிர் தப்பி அமெரிக்காவில் குடியேறிய யூதர்கள் அளித்த சாட்சியங்களைப் படித்தோம். அவற்றிலிருந்து நமக்குக் கிடைத்ததை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

ஒரு தந்தையின் கட்டளை

கெர்டா வைஸ்மன் 1924இல் போலந்து நாட்டின் பீல்ஸ்கோ நகரில் பிறந்தவர். 1939இல் ஜெர்மானியப் படை நுழைந்தபோது அவருக்கு வயது பதினைந்து. 1942 கோடையில் அக்குடும்பம் பிரிக்கப்பட்டது. முதலில் தந்தையை அழைத்துச் சென்றார்கள். பிரிவதற்கு முன் அவர் மகளிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: பனிச்சறுக்குக்கு அணியும் கனத்த காலணிகளை அணிந்துகொள்ள வேண்டும். கொளுத்தும் ஜூன் மாதத்தில் பனிக்காலக் காலணி எதற்கு என்று மகளுக்குப் புரியவில்லை. ஆயினும் அணிந்துகொண்டார். தந்தையையும் தாயையும் அவர் மீண்டும் பார்க்கவே இல்லை.

மூன்று ஆண்டுகள் அடிமைத் தொழிலாளியாக முகாம் முகாமாக மாற்றப்பட்டார். 1945 ஜனவரியில், நெருங்கி வந்த எதிரிப் படைகளிடமிருந்து கைதிகளை அப்புறப்படுத்துவதற்காக, சுமார் இரண்டாயிரம் பெண்களைக் கடும் பனியில் நடத்திச் சென்றார்கள். கிழிந்த காலணியோடும் வெறுங்காலோடும் நடந்த பெண்கள் வழியெங்கும் விழுந்து மடிந்தார்கள். தந்தையின் சொல் கேட்டு அணிந்த காலணிகள் கெர்டாவின் உயிரைக் காத்தன. மூன்று மாதங்களுக்கும் மேலாக நீடித்த அந்நடையில் பெரும்பாலோர் மாண்டனர். சிறுவயதுத் தோழி இல்ஸே விடுதலைக்குச் சில நாட்களே இருக்கையில் இறந்துபோனாள். இந்த இல்ஸேதான் முன்பு ஒருமுறை முகாமில் வழியோரம் கண்டெடுத்த ஒரே ஒரு ராஸ்பெர்ரிப் பழத்தை நாள் முழுவதும் பையில் பத்திரப்படுத்தி, மாலையில் ஓர் இலையில் வைத்துக் கெர்டாவுக்குப் பரிசாகக் கொடுத்தவள்.

இதைப் படித்தபோது மாணவர்கள் அன்ஸாரிகளின் நினைவுக்குப் போனார்கள். தமக்கே தேவை இருந்தும் பிறரைத் தம்மைவிட முற்படுத்தியவர்கள் என்று திருக்குர்ஆன் (59:9) அவர்களைப் புகழ்கிறது. உலகிலுள்ள உடைமை முழுவதும் ஒரே ஒரு பழமாக இருக்கும்போது அதையும் கொடுத்துவிடுவதற்கு எத்தகைய உள்ளம் வேண்டும்!

1945 மே 7 அன்று, செக்கோஸ்லோவாக்கியாவின் வோலரி என்ற சிற்றூரில் கெர்டா விடுதலை பெற்றார். மறுநாள் அவருக்கு இருபத்தொரு வயது நிறைவடைய இருந்தது. உடல் எடையோ 31 கிலோ, தலைமுடி நரைத்திருந்தது. அங்கு வந்த அமெரிக்கப் படைவீரரிடம், தாங்கள் யூதர்கள் என்பதைத் தயக்கத்தோடு சொன்னார். தானும் யூதனே என்றார் அவர். பிறகு அந்த வீரர் கதவைத் திறந்து பிடித்து, அவரை முன்னே செல்லுமாறு வழிவிட்டார். அந்தச் சிறு மரியாதை தம்மை மீண்டும் மனிதப் பிறவியாக்கியது என்று கெர்டா பிற்காலத்தில் பல இடங்களில் கூறியிருக்கிறார்.

அந்த வீரரின் பெயர் குர்ட் கிளைன். ஜெர்மனியில் பிறந்து, 1937இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். தம் பெற்றோரையும் வரவழைக்க அவர் ஆண்டுக்கணக்கில் மனு மேல் மனு போட்டார். அனுமதி கிடைத்தபோது அவர்கள் ஏற்கனவே அவுஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். கெர்டாவும் குர்ட்டும் 1946இல் பாரிஸில் மணந்து, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் குடியேறினார்கள்.

மூடியிருந்த வாசல்

குர்ட்டின் பெற்றோருக்கு நேர்ந்தது அவர்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1924ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம், எந்த நாட்டில் பிறந்தவர் எத்தனை பேர் வரலாம் என்று வரம்பு கட்டியிருந்தது. உயிருக்கு அஞ்சி ஓடிவருபவர் என்ற தனி வகை அச்சட்டத்தில் இல்லை. 1939 மே மாதம் ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து செயின்ட் லூயிஸ் என்ற கப்பல் 937 பயணிகளோடு புறப்பட்டது. ஏறக்குறைய அனைவரும் யூத அகதிகள். கியூபாவில் மிகச் சிலரைத் தவிர எவரையும் இறங்க விடவில்லை. மயாமி நகரின் விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் தொலைவு வரை அக்கப்பல் போயிற்று. அமெரிக்காவும் கதவைத் திறக்கவில்லை. ஐரோப்பாவுக்கே திரும்பிய அவர்களை பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகள் ஏற்றன. அடுத்த ஆண்டே அவற்றில் மூன்று நாடுகள் ஜெர்மனியின் கைக்குள் போயின. திரும்பிச் சென்றவர்களில் 254 பேர் கொல்லப்பட்டனர்.

போர் முடிந்தபோது, சுமார் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டிருந்தனர். ரோமா மக்களும், உடற்குறையுள்ளோரும், சோவியத் போர்க்கைதிகளும் இலட்சக்கணக்கில் அழிக்கப்பட்டிருந்தனர். எஞ்சிய யூதர்களுக்கோ திரும்பிச் செல்ல வீடு இல்லை. திரும்பியவர்கள் சிலருக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு போலந்தின் கீல்ட்ஸே நகரம் சாட்சி. 1946 ஜூலை 4 அன்று அங்கே கும்பல் ஒன்று 42 யூதர்களைக் கொன்றது. அப்போது போர் முடிந்து ஓராண்டுக்கும் மேலாகியிருந்தது.

ஆகவே ஃபெல்டாஃபிங், லாண்ட்ஸ்பெர்க், ஃபோரன்வால்ட், பெர்கன்-பெல்சன் போன்ற இடங்களில் அமைந்த அகதி முகாம்களில் அவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 1945 கோடையில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் அனுப்பிய எர்ல் ஹாரிசன் அம்முகாம்களைப் பார்வையிட்டார். விடுதலை பெற்றதாகச் சொல்லப்பட்டவர்கள் இன்னமும் முட்கம்பிக்குப் பின்னால், சிலர் பழைய கைதி உடையிலேயே, வாழ்ந்து வந்ததை அவர் அறிக்கையாகத் தந்தார். அவ்வாண்டு டிசம்பர் 22 அன்று, இருக்கும் வரம்புக்குள் அகதிகளுக்கு முன்னுரிமை அளிக்க ட்ரூமன் ஆணையிட்டார். அதன்படி முதல் கப்பல் 1946 மே 20 அன்று நியூயார்க் வந்து சேர்ந்தது. அகதிகளுக்கென்றே தனிச்சட்டம் 1948 ஜூன் மாதத்தில்தான் வந்தது. அதுவும் யூதர் பலரை விலக்கும் நிபந்தனைகளோடு வந்து, 1950இல் திருத்தப்பட்டது. இவ்வாறு சிறிது சிறிதாக, ஏறத்தாழ 1,40,000 பேர் அமெரிக்கா சேர்ந்தார்கள்.

முகாம் வாழ்வில் ஒரு செய்தி நம் மாணவர்களை மிகவும் ஈர்த்தது. கணவன் இறந்தானா இருக்கிறானா என்று தெரியாத பெண் மறுமணம் செய்யலாமா? யூதச் சட்டத்தில் அவளுக்கு 'அகூனா' என்று பெயர். நம் ஃபிக்ஹு நூல்களில் காணாமற்போனவன் 'மஃப்கூத்' எனப்படுகிறான். நான்கு ஆண்டுகள் காத்திருந்து, பின் இத்தா முடித்து மணக்கலாம் என உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்த செய்தியை மாணவர்கள் அறிவார்கள். அம்முகாம்களில் யூத மார்க்க அறிஞர்கள் அமர்ந்து, கணவனைக் கடைசியாக எங்கே எப்போது பார்த்தீர்கள் என்று ஒவ்வொரு சாட்சியாக விசாரித்தார்கள். தலைமுறைக்கு ஒருமுறை எழக்கூடிய ஒரு மஸ்அலா அங்கே அன்றாடக் கேள்வியாகிவிட்டது. பேரழிவின் அளவை எண்ணிக்கையைவிட இது நமக்குத் தெளிவாக உணர்த்தியது.

புது மண்ணில் பழைய பசி

அமெரிக்காவில் இறங்கியவர்களுக்கு உதவி அமைப்புகள் இருந்தன. யாரேனும் ஒருவர், இவர் அரசுக்குச் சுமையாக மாட்டார் என்று பொறுப்பேற்றுக் கையொப்பமிட வேண்டும். உறவினர் இல்லாதவர்களுக்காக யூத நல அமைப்புகளே அப்பொறுப்பை ஏற்றன. சிலர் நியூயார்க்கின் தையல் கூடங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். சிலர் நியூஜெர்சியின் வைன்லாண்ட் பகுதியில் கோழிப்பண்ணை வைத்தார்கள். மொழி தெரியாமல், தொழில் தெரியாமல் தொடங்கியவர்கள், பத்து ஆண்டுகளில் வீடும் கடையும் பிள்ளைகளின் படிப்புமாக நிலைபெற்றார்கள்.

ஆயினும் சாட்சியங்களில் மீண்டும் மீண்டும் வரும் செய்திகள் வேறு. ரொட்டித் துண்டு ஒன்றைக்கூட எறிய முடியாத கை. சீருடை அணிந்தவரைக் கண்டால் படபடக்கும் நெஞ்சு. அவுஷ்விட்ஸில் கையில் பச்சை குத்திய எண்ணை மறைக்கக் கோடையிலும் அணிந்த முழுக்கைச் சட்டை. கொல்லப்பட்ட தாய் தந்தையரின் பெயரைப் பெற்ற குழந்தைகள். தாத்தா பாட்டி என்ற உறவையே அறியாமல் வளர்ந்த அதே குழந்தைகள்.

கப்று இல்லாத மரணம் என்றால் என்ன என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். யூதர்கள் இறந்தவரை ஆண்டுதோறும் அவர் இறந்த நாளில் நினைவுகூர்ந்து பிரார்த்திப்பார்கள். நாளே தெரியாதவர் என்ன செய்வது? ஒரு நாளைத் தாமே தேர்ந்துகொண்டார்கள். அழிந்துபோன தம் ஊர்களுக்காகச் சங்கங்கள் அமைத்து, தெருக்களையும் கடைகளையும் பள்ளிகளையும் இறந்தவர் பெயர்களையும் எழுதி நினைவு நூல்கள் வெளியிட்டார்கள். மண்ணில் எழுப்ப முடியாத மீஸான் கல்லை அவர்கள் தாளில் எழுப்பினார்கள்.

இத்தனையையும் சுமந்து வந்தவர்களிடம், நடந்ததை மறந்துவிடு, புது வாழ்வைத் தொடங்கு என்று உறவினர்களே சொன்னார்கள். போர்க்காலத்தில் தங்களுக்கும் சர்க்கரைப் பங்கீடு இருந்தது என்று ஆறுதல் கூறியவர்களும் உண்டு. கேட்பதற்குச் செவி இல்லாதபோது நா அடங்கிவிடுகிறது. பலர் தம் பிள்ளைகளிடம்கூட வாய் திறக்கவில்லை.

விதிவிலக்காக ஒருவர் தொடக்கத்திலேயே கேட்கப் புறப்பட்டார். சிகாகோவைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் டேவிட் போடர் 1946 கோடையில் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு ஐரோப்பா சென்றார். எஃகுக் கம்பியில் குரலைப் பதியும் கருவி அது. பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி ஆகிய நாடுகளில் சுமார் 130 பேரின் குரல்களைப் பதிந்துவந்தார். அவற்றுக்கு அன்று பெரிய வரவேற்பு இல்லை. 1961இல் ஐக்மன் வழக்கில் சாட்சிகள் வெளிப்படையாகப் பேசிய பிறகே உலகம் செவிசாய்க்கத் தொடங்கியது. 1979இல் நியூஹேவன் நகரில் ஒளிப்பதிவு முயற்சி தொடங்கிற்று. அது பின்னர் யேல் பல்கலைக்கழகக் காப்பகமாயிற்று. 1994இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் நிறுவிய அமைப்பு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சியங்களைச் சேர்த்தது. இத்தனை பேர், இத்தனை மொழிகளில், ஒருவரையொருவர் அறியாமல் கூறியவை ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன. பலர் பலரிடமிருந்து அறிவிக்கும், பொய்யில் ஒன்றுகூட இயலாத செய்தியை ஹதீஸ் கலையில் 'முதவாதிர்' என்கிறோம். அந்த அளவுகோலைப் படித்த மாணவருக்கு, முதல் செய்தி பொய் என்பதை நாம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கதவைத் திறந்த இல்லங்கள்

இரண்டாவது செய்திக்கு, அதாவது நடந்தது சரிதான் என்ற கூற்றுக்கு, அல்பேனிய முஸ்லிம்களே விடை கூறட்டும்.

ஜோஹன்னா நியூமன் என்ற சிறுமி 1939இல் ஹாம்பர்க்கிலிருந்து பெற்றோருடன் அல்பேனியாவுக்குத் தப்பி வந்தாள். 1943இல் ஜெர்மானியப் படை அங்கும் வந்தது. துர்ரெஸ் நகரின் பில்கு என்ற முஸ்லிம் குடும்பம் அவர்களைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டது. அந்தக் குடும்பத் தலைவரின் மனைவி ஜெர்மானியர். ஆகவே, இவர்கள் ஜெர்மனியிலிருந்து வந்த எங்கள் உறவினர் என்று படையினரிடம் சொல்லிச் சமாளித்தார்கள். போருக்குப் பின் ஜோஹன்னா அமெரிக்காவில் குடியேறி, தம்மைக் காத்தவர்களைப் பற்றி இடைவிடாது பேசிவந்தார். அதே நாட்டில் ரெஃபிக் வெசெலி என்ற இளைஞர், தமக்குப் புகைப்படத் தொழில் கற்பித்த யூதரின் குடும்பத்தை மலையூரான க்ரூயாவில் தம் பெற்றோர் வீட்டில் ஒளித்துக் காத்தார். அல்பேனிய முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இதைப் 'பெஸா' என்றார்கள். கொடுத்த வாக்கு, காக்க வேண்டிய அடைக்கலம் என்று பொருள். போர் முடிந்தபோது அந்நாட்டில் இருந்த யூதர்கள், போருக்கு முன் இருந்தவர்களைவிடப் பன்மடங்கு அதிகம்.

ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் யூதராயிற்றே என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் உயிர்தானே என்ற பொருளில் பதில் அளித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்ற இந்த அறிவிப்புக்கு அல்பேனியர்கள் தம் உயிரைப் பணயம் வைத்து விளக்கவுரை எழுதினார்கள்.

ஃபலஸ்தீன்

இங்கே நிறுத்திவிட்டால் பாதிச் சாட்சியத்தை மறைத்தவர்களாவோம். நூறாயிரம் யூதர்களை ஃபலஸ்தீனில் அனுமதிக்குமாறு ஹாரிசன் 1945இல் பரிந்துரைத்தார். ட்ரூமன் அதை ஆதரித்தார். தம் வீட்டு வாசலைத் திறக்கத் தயங்கியவர்கள், அடுத்தவர் வீட்டு வாசலைத் திறக்கச் சொன்னார்கள். அந்த வீட்டுக்காரர்களோ ஐரோப்பாவில் நடந்த கொடுமையில் எந்தப் பங்கும் இல்லாதவர்கள். 1948இல் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஃபலஸ்தீனர்கள் தம் மண்ணை இழந்தார்கள். வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களும் அகதி முகாம்களில் காத்திருந்தார்கள். அழிந்த 418 ஊர்களின் பெயர்களையும் விவரங்களையும் வாலித் காலிதி என்ற அறிஞரின் தலைமையில் அவர்களும் 1992இல் நூலாகத் தொகுத்தார்கள். இரு சமூகங்களும் ஒரே வகை நூலை எழுத நேர்ந்ததை நாம் வகுப்பில் நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம்.

ஹெடி எப்ஸ்டைன் இதை நன்கு உணர்ந்தவர். ஜெர்மனியில் வளர்ந்த அவரை, பதினான்கு வயதில், 1939இல், பெற்றோர் குழந்தைகள் ரயிலில் இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தார்கள். பெற்றோரின் வாழ்வு அவுஷ்விட்ஸில் முடிந்தது. போருக்குப் பின் நியூரம்பெர்க் நகரில் நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கில் பணியாற்றிவிட்டு, 1948இல் அமெரிக்கா சென்றார். பிற்காலத்தில் ஃபலஸ்தீன மக்களுக்காகக் குரல் கொடுத்தார். எண்பது வயதைக் கடந்த பின்னும் காஸா முற்றுகைக்கு எதிராக உண்ணாநோன்பு இருந்தார். 2016இல் மறைந்தார். தாம் பட்டதை இன்னொருவர் படக்கூடாது என்பதே அவர் தம் நினைவிலிருந்து கற்ற பாடம்.

சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்குரியது என்கிறது திருக்குர்ஆன் (2:283). ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்றும் (5:8) எச்சரிக்கிறது. இவ்விரு கட்டளைகளையும் சேர்த்துப் படிப்பவர், யூதர் மீது நடந்த கொடுமையைப் பொய் என்று சொல்லி ஃபலஸ்தீனுக்கு உதவ முடியாது. மறுப்பவன் நீதிமன்றத்தில் தன் சாட்சியத்தின் மதிப்பைத் தானே கெடுத்துக்கொள்கிறான். இன்று காஸாவின் தாய்மார்கள் சொல்வதை உலகம் நம்ப வேண்டும் என்று நாம் வேண்டுகிறோம். அப்படியானால் கெர்டாவின் தாய்க்கு நேர்ந்ததையும் நாம் நம்பித்தான் ஆக வேண்டும்.

பெற்றோர்களுக்கு நம் பணிவான வேண்டுகோள் இது. கைப்பேசியில் வரும் செய்தியை ஆராயாமல் பரப்ப வேண்டாம். தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கச் சொன்ன மார்க்கம் (49:6) நம்முடையது. வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் தவறான செய்தியை அனுப்பினால், அவரைப் பலர் முன் திருத்தாமல், தனியே, மரியாதையோடு, சான்றுடன் எடுத்துச் சொல்ல உங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். வரும் ஆஷூரா நோன்பின் இஃப்தார் வேளையில், மூஸா (அலை) அவர்களின் வரலாற்றோடு, ஒரு பழத்தைத் தோழிக்குக் கொடுத்த இல்ஸேயையும், கதவைத் திறந்த பில்கு குடும்பத்தையும், தம் ஊரின் பெயரை மறக்காத ஃபலஸ்தீனர்களையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அந்த அநீதி இழைக்கப்பட்டவன் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவனாக இருந்தாலும் அவனுக்காக நிற்கும் உள்ளத்தையும், அறிந்த சாட்சியத்தை மறைக்காத நாவையும் வல்ல ரஹ்மான் நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.